ஜாங்கோ அப்பவே சொல்லுச்சு!

2018 பொங்கலுக்கு முன்னாடி எங்க தமிழ்ச் சங்கத் தளத்தை ஜாங்கோ 1.8-லேர்ந்து நேரா 2.0-க்கு மாத்தினேன். பேர் கொடுக்க வந்த ஒருத்தராலயும் லாகின் பண்ண முடியலை. 'யூசர்' இல்லைன்னு எரர்!

விடிய விடியத் தேடினதுல, காரணம் ஒரு செட்டிங்கோட பேர். 'மிடில்வேர்_கிளாசஸ்'க்குப் பதிலா 1.10-ல (2016) 'மிடில்வேர்' வந்துருச்சு. 2.0 பழைய பேரைச் சத்தமில்லாம ஒதுக்கிருச்சு. நாமளே எழுதின மிடில்வேரையும் புது முறைக்கு மாத்தணும்.

ஃப்ரேம்வொர்க்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லைங்க. 1.10, 1.11 ரெண்டும் எச்சரிக்கை வச்சிருந்தது. நான்தான் அங்கே நிக்காமத் தாவிட்டேன். என்னைக் கேட்டா, ஒவ்வொரு பதிப்பா ஏறுங்க. பைத்தான்ல எச்சரிக்கையைக் காட்டச் சொல்லி ஓட்டுங்க. ஓசில செய்யற சங்கத்து வேலைக்கும் இது பொருந்தும். நம்பி வர்றது நம்ம சனம்தானே :-)