பேய்க்கு ஏது பங்கு?

முகம் காட்டாமல் புகழ் பெறலாம். பங்கு பெற முடியுமா? ஸ்வீடனின் 'கோஸ்ட்' ஹெவி மெட்டல் குழு எழுப்பிய கேள்வி இது. 2010ல் முதல் ஆல்பம் வந்தபோது பாடகர் போப்பாண்டவர் அங்கியும் மண்டையோட்டு முகமுமாக மேடையேறினார். வாத்தியக்காரர்களுக்கும் முகமூடி. 'பெயரற்ற பேய்கள்' என்பது அவர்களுடைய பொதுப் பெயர். 2016ல் கிராமி விருதைக்கூட முகமூடியோடுதான் வாங்கினார்கள். ஆள் மாறினாலும் ரசிகருக்குச் சட்டென்று தெரியாது.

2017ல் முன்னாள் 'பேய்கள்' நால்வர், நாங்களும் கூட்டாளிகளே என்று லாபத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். பாடகர் டோபியாஸ் ஃபோர்ஜின் முகமூடி அந்த வழக்கில்தான் கழன்றது. ஆனால் 2018ல் தீர்ப்பு அவர் பக்கம். முகமூடி போனதில் அவருக்கு நஷ்டமில்லை. பெயரில்லாமல் வாசித்தவர்களுக்குத்தான் பங்கும் இல்லாமல் போயிற்று.