பாட்டு யாருடையது?



இந்த முறை பாட்டுப் போட்டிகளைப் பற்றிக் கதைப்போம். எங்கள் வீடுகளில் வார இறுதி வந்தால் சூப்பர் சிங்கரோ சரிகமபவோ ஓடிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளை ஒன்று உச்சத்தில் பாடி முடிக்கும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். "நீயும் சங்கீத வகுப்புக்குப் போனனி தானே, உப்பிடிப் பாடியிருக்கலாமே" என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். உங்களில் பலருக்கு இந்தப் பார்வை பழக்கமாக இருக்கும்.

போட்டிக்குப் போவதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது எங்களைப் பாடகர் ஆக்கிவிடும் என்று நம்புகிறோமே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. போட்டி தருவது கேட்பதற்கான ஆட்களை மட்டும்தான். பாட்டை நாங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். இதற்குச் சாட்சி தேடி சென்னை வரைக்கும் போகத் தேவையில்லை, சூரிச் ஏரிக்கரையிலேயே ஒருவர் இருக்கிறார்.

பெயாட்ரிஸ் எக்லியை உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுச் சுவிஸ் பாட்டிக்குக் கட்டாயம் தெரியும். ஷ்வீட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபெஃபிகோனில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் பாடுவது ஷ்லாகர். இலகுவான மெட்டு, காதலும் கனவும் நிறைந்த வரிகள், மூன்றாவது வரியிலேயே கூட்டம் கைதட்டத் தொடங்கிவிடும். வகுப்பில் யாராவது "நான் ஷ்லாகர் கேட்பேன்" என்று சொல்லிப் பாருங்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்கு இருக்கும் இடம்தான் ஜெர்மன் பேசும் ஊர்களில் இதற்கும் ஏறக்குறைய இருக்கிறது. நகரத்து ஆட்கள் நக்கலடிப்பார்கள், ஆனால் ஊர்த் திருவிழாக் கூடாரம் நிரம்பி வழியும்.

2013இல் ஜெர்மனியின் ஆர்டிஎல் தொலைக்காட்சியில் நடக்கும் சூப்பர்ஸ்டார் போட்டிக்கு எக்லி போனார். அதற்கு முந்திய வருடம் அதே போட்டியில் வென்றவரும் ஒரு சுவிஸ்காரர்தான், பேர்ண் பக்கத்துப் பெடியன் லூக்கா ஹென்னி. அவர் பாடியது பொப். பொப் பாடகரைத் தேடும் அந்த மேடையில் எக்லி ஷ்லாகரை விடவில்லை. இறுதிச் சுற்றில் 70 வீதத்துக்கும் மேலான வாக்குகள் அவருக்கு விழுந்தன. வெற்றிப் பாடல் ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் மூன்று நாட்டிலும் முதலிடத்துக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 24.

அந்த ஒரு இரவோடு எல்லாம் தொடங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2007இலேயே அவர் லிஸ் அசியாவோடு சேர்ந்து ஒரு பாட்டை வெளியிட்டிருந்தார். 1956இல் லுகானோவில் நடந்த முதலாவது யூரோவிஷனில் வென்ற அதே லிஸ் அசியாதான். இடையில் எக்லி முடி அலங்காரத்துக்கு லேரே செய்து முடித்தார், ஹம்பர்க் போய் நடிப்புப் படித்தார், சின்னச் சின்ன மேடைகளில் பாடினார். போட்டிக்குப் போகும்போதே தான் யார், எதைப் பாடுபவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தொலைக்காட்சி அவரை மாற்றவில்லை, இருந்தபடியே பெரிதாக்கிக் காட்டியது. இன்றைக்கு அவருடைய பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடக்கிறது. 2005இல் அமெரிக்கன் ஐடலில் வென்ற கேரி அண்டர்வுட்டின் கதையும் இதே மாதிரித்தான். கன்ட்ரி பாடிக்கொண்டே உள்ளே போனார், கன்ட்ரி பாடகியாகவே வெளியே வந்தார்.

சரி, வென்றால்தான் நிலைக்கலாமா? அதுவும் இல்லை. சுவிஸ் தொலைக்காட்சி நடத்திய மியூசிக்ஸ்டார் போட்டியின் முதல் சுற்றில், 2004இல் வென்றவர் கார்மென் ஃபெங்க். அதே சுற்றில் வெல்லாமல் போனவர் பாஷி. இரண்டு வருடம் கழித்து உலகக் கிண்ணக் காலத்தில் சுவிஸ் முழுக்கப் பாடியது பாஷியின் பாட்டைத்தான். அதுவும் தன்னுடைய ஊர்ப் பேச்சுவழக்கில், வீட்டில் கதைக்கிற மாதிரியே எழுதிய பாட்டு.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். ஃபிரிபூர்க் மாநிலத்தில் வளர்ந்த ஜோன் முஹரெமாய். கொசோவோ, அல்பானியா வேர்கள் உள்ள குடும்பம், எங்களைப்போலவே இங்கே பிறந்த தலைமுறை. சின்ன வயதில் அவர் பாடியதைக் கேட்டுத் தாத்தா அழுதாராம். அந்தக் கண்ணீரைத்தான் 'ஜோன்ஸ் டியர்ஸ்' என்று மேடைப் பெயராக்கிக்கொண்டார். 2011இல் அல்பானியத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டியில் மூன்றாவது இடம். 2012இல் சுவிஸ் திறமைப் போட்டி. 2019இல் பிரான்சின் 'தி வாய்ஸ்' போட்டியில் அரையிறுதி. மூன்று நாடுகள், மூன்று மேடைகள், ஒன்றிலும் பட்டம் இல்லை. 2021இல் ரொட்டர்டாமில் நடந்த யூரோவிஷனில் சுவிஸ் சார்பில் பிரெஞ்சு மொழியில் பாடி மூன்றாவது இடத்துக்கு வந்தார். நடுவர்களின் புள்ளிகளில் அவருக்குத்தான் முதலிடம். இடைப்பட்ட பத்து வருடத்தில் அவர் இசை படித்தார், எழுதினார், தன் குரலைக் கண்டுபிடித்தார். போட்டிகள் அந்தப் பாதையில் வந்த தரிப்பிடங்கள் மட்டும்தான்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2018இல் சூப்பர் சிங்கரின் ஆறாவது பருவத்தில் செந்தில் கணேஷ் வென்றார். அவரும் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாடகர்கள். சினிமாப் பாட்டை யார் அச்சு அசலாகப் பாடுகிறார் என்று பார்க்கும் மேடையில் இவர்கள் கிராமத்துப் பாட்டைப் பாடினார்கள். அடுத்த வருடம் வந்த 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இடம்பெற்ற 'சின்ன மச்சான்' பாட்டு, அவர்கள் ஏற்கெனவே மேடைகளில் பாடிவந்த பாட்டுத்தான். எழுதியவர் செல்ல தங்கையா. வழமையாகச் சினிமாவில் இருந்துதான் பாட்டு மேடைக்கு வரும். இங்கே மேடையில் இருந்த பாட்டைச் சினிமா வந்து எடுத்துக்கொண்டு போனது. கையில் சொந்தச் சரக்கு இருந்தால் இப்படியும் நடக்கும்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசக்கும்.

ஈழத்துப் பிள்ளை ஒன்று இப்படியான மேடையில் ஏறினால் பாட்டுக்கு முதல் கதை கேட்பார்கள். எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று. பின்னணியில் வயலின் அழும், கமரா தாயின் முகத்துக்குப் போகும். 2023 டிசம்பரில் சரிகமப சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றபோது நானும் துள்ளினேன். அதே பருவத்தில் மலையகத் தோட்டத்தில் இருந்து போன அசானி பாடியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் எழும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் குரலால் வந்தவர்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல அவர்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது.

ஆனால் ஓல்டனிலும் லுட்சேர்னிலும் பிறந்த நாங்கள் எந்தக் கதையைச் சொல்வது? அப்பா, அம்மா பட்டதை அவர்களே எங்களுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அதை அரை நிமிடக் காட்சியாக வெட்டி, விளம்பர இடைவேளைக்கு முதல் வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். தொலைக்காட்சியை நான் திட்டவில்லை. அதற்குப் பார்வையாளர் வேண்டும், விளம்பரம் வேண்டும், அடுத்த பருவத்துக்குப் புது முகங்கள் வேண்டும். போன பருவத்து முகத்தை அது மறப்பது வஞ்சகத்தால் வருவதில்லை, அந்தத் தொழில் ஓடும் முறையே அதுதான். இதை உள்ளே போகும்போதே தெரிந்துகொண்டு போனால் வெளியே வரும்போது மனம் உடையாது.

என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி லேரேயின் இரண்டாவது வருடத்தில் இருக்கிறாள், நல்லாய்ப் பாடுவாள். "இதை விட்டிட்டு ஆறு மாதம் சென்னையில் நிண்டு பார்க்கட்டோ அக்கா?" என்று கேட்டாள். எக்லியின் கதையைத்தான் சொன்னேன். அந்த மனுசி கத்தரிக்கோல் பிடிக்கப் பழகி முடித்துவிட்டுத்தான் ஒலிவாங்கியைப் பிடிக்கப் போனவர், நீயும் முடித்துவிட்டுப் போ என்றேன். அவளுக்கு என்னில் கொஞ்சம் கோபம்தான். இருக்கட்டும்.

"போட்டிக்குப் போகாவிட்டால் எங்களை யார் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர்தான், அதற்குள் ஒரு பாடகர் இசையை நம்பிச் சீவிப்பது கஷ்டம். ஆனாலும் சென் காலனில் பிறந்த பிரியா ரகுவைப் பாருங்கள். விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணனோடு சேர்ந்து பாட்டுச் செய்தார். அவர்களுடைய பாட்டு ஃபிஃபா 21 விளையாட்டுக்குள் போனது. 2021இல் வந்த தொகுப்பின் தலைப்பிலேயே 'டமில்' என்ற சொல்லை வைத்தார். 2023இல் வந்த முழு இசைத்தொகுப்புக்குப் பெயர் 'சந்தோஷம்'. எந்தத் தொலைக்காட்சி நடுவரும் அவருக்குப் பச்சை விளக்குக் காட்டவில்லை. ஆனால் உலகம் திரும்பிப் பார்க்கும்போது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது சுற்றுப் பாதை, பொறுமை இல்லாதவர்களுக்குச் சரிவராது.

ஆகவே போட்டிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். முதல் சுற்றிலேயே வெளியே வந்தாலும் அடுத்த கிழமை நான் பாடுவேனா? கமரா கேட்டாலும் சொல்லக்கூடாத வீட்டுக் கதை எது? வேறு யாரும் பாடாத பாட்டு என்னிடம் ஒன்றாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் எங்களில் அநேகம் பேரிடம் பதில் இல்லை. அதற்குப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆண்டு விழா, கலைமாலை, பிறந்தநாள் என்று எத்தனை மண்டபங்களில் பாடுகிறோம்! எல்லாமே சினிமாப் பாட்டு, அதுவும் கரோக்கியில். "அப்படியே அந்தப் பாடகி மாதிரி இருந்தது" என்பதுதான் நாங்கள் பெறும் பெரிய பாராட்டு. யோசித்துப் பாருங்கள், அது ஒரு பிரதிக்குக் கிடைக்கும் பாராட்டு.

மண்டப நிகழ்ச்சி நடத்தும் அண்ணாமார், அக்காமாருக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஐந்து நிமிடத்தை இங்கே வளர்ந்த பிள்ளை ஒன்று தானே எழுதிய பாட்டுக்கு ஒதுக்குங்கள். பரிசு வேண்டாம், புள்ளி வேண்டாம், நடுவர் வேண்டாம். தமிழ் கொஞ்சம் உடைந்திருக்கட்டும், நடுவில் சுவிஸ் ஜெர்மன் வந்து விழட்டும். அம்மம்மாவின் தாலாட்டில் தொடங்கி ட்ராம் சத்தத்தில் முடியட்டும். முதல் பத்துப் பாட்டும் சுமாராகத்தான் இருக்கும். பதினோராவதைக் கேட்க நான் முன்வரிசையில் வந்து இருப்பேன்.