விழத் தெரிந்த பட்டம்

இரண்டு நூல்களைக் கையிற் பிடித்து, ஆகாயத்திலே கரணமும் சுழற்சியுமாக ஆட்டிவைக்கும் ஸ்டண்ட் பட்டத்தை முதன்முதலாக வாங்க வருகிறவர், அது எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்றுதான் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்கிறார். அது எப்படி விழும் என்று கேட்பதே அதைவிட அவசியம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரால் வழங்கும் இந்த வித்தை, பட்டத்தை வேண்டுமென்றே காற்றின் பிடியினின்று நழுவவிட்டு, தரையைத் தொடுமுன் அதை மீண்டும் ஏந்திக்கொள்ளும் சாமர்த்தியமேயன்றி வேறல்ல.

இரட்டை நூற் பட்டத்தின் பூர்வ சரித்திரம் முற்றிலும் விளையாட்டைச் சேர்ந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்த பால் கார்பர் என்பவர், கப்பலிலுள்ள பீரங்கி வீரர்கள் குறிபார்த்துப் பழகும்பொருட்டு, பகைவர் விமானத்தின் உருவைத் தீட்டிய பட்டமொன்றிற்குச் சுக்கான் பொருத்தி, அது விமானத்தைப் போலவே பாய்ந்தும் திரும்பியும் வரும்படி செய்தார். பின்னர், 1972-ல் இங்கிலாந்தில் பீட்டர் பவல் உருவாக்கிய வைர வடிவப் பட்டம் சாமானிய ஜனங்களின் கைக்கு இந்த வினோதத்தைக் கொண்டுசேர்த்து, 1976-ல் அந்நாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டுப் பொருள் என்ற விருதையும் பெற்றது. அவற்றிலெல்லாம் நூல்கள் விறைப்பாகவே இருக்கும். வண்டிமாட்டின் மூக்கணாங்கயிற்றைப் போல, வலப்புறம் இழுத்தால் வலப்புறமும் இடப்புறம் இழுத்தால் இடப்புறமும் பட்டம் திரும்பும்.

இன்றைய முக்கோணப் பட்டங்களின் ஃப்ரீஸ்டைல் வித்தைக்கோ, நூல் தளர்வதே பிராணன். நடுவானில் பட்டத்தை நிறுத்தி, ஒரு நூலை மட்டும் வெடுக்கென்று சுண்டி உடனே தளரவிட்டால், அது தரைக்கு இணையாகப் படுத்தபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எழுவது ‘ஆக்ஸெல்’. மல்லாந்து கிடந்து, மூக்கை ஆட்டுகிறவர் பக்கம் நீட்டியவாறு மிதப்பது ‘ஃபேட்’. நூல்களையே தன் உடம்பிற் சுற்றிக்கொண்டு உருண்டு, பிறகு அவிழ்ந்துகொள்வது ‘யோ-யோ’. இவற்றைப் பழகுகிறவருடைய பட்டம் நாளொன்றுக்கு எத்தனை முறை மண்ணில் மோதும் என்பதைப் பழகியவர்கள்தாம் அறிவர்.

ஆகவே பட்டத்தைப் பரீட்சிக்கும் விதமும் மாறவேண்டும். உறையின்மேல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று அச்சிட்டிருப்பதையோ, துணியின் வர்ண விசித்திரங்களையோ நம்புவதற்குப் பதிலாக, கடையிலேயே பட்டத்தைப் பூட்டச் சொல்லி, ஒரு மெல்லிய நூலை அதன் விளிம்புகளின்மேலும் இறக்கை நுனிகளின்மேலும் இழுத்துப் பார்ப்பது நன்று. நூல் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறதோ, அங்கெல்லாம் நாளை நடுவானிலும் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பட்டம் தலைகுப்புற இறங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மலிவான பட்டங்கள் பலவற்றுக்கு இச்சிறு சோதனையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய பட்டம் குறைந்த விலைக்குக் கிடைப்பதாலும், பார்வைக்குச் சாதுவாகத் தோன்றுவதாலும், அதுவே புதியவருக்கு ஏற்றதென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கை விரிவுடைய பட்டம், கை அசைந்ததும் துள்ளித் திரும்பி, புத்தி தொடருமுன் மண்ணுக்குப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் விரிவுடையதோ, நிதானமாகத் திரும்பி, செய்த பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும். போட்டிகளில் பறக்கும் உயர்ந்த ரகங்கள் 300 டாலருக்கு மேலும் விலை போகின்றன. முதல் வருஷத்தில் அவற்றை வாங்குவது வீண் ஆடம்பரம் என்றே சொல்வேன். 100 டாலரை ஒட்டிய விலையில், கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் துணியும், மார்புச் சூத்திரக் கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்திக் காற்றுக்கேற்பச் சரிசெய்யும் வசதியும் உள்ள ஒன்று கிடைத்தால், அதற்குமேல் தேடவேண்டியதில்லை.

மிச்சம் பிடித்த பணத்தை நூலிற் போடவேண்டும். சாதாரண நைலான் நூல் ரப்பரைப் போல் நீளும். கை சுண்டிய சுண்டல் பட்டத்தைச் சேருமுன்பே அதில் பாதி கரைந்துவிடும். டைனீமா என்னும் செயற்கை இழையாலான நூல் அநேகமாக நீள்வதில்லை என்பதோடு, வழவழப்பாகவும் இருப்பதால், இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று நாலைந்து முறை முறுக்கிக்கொண்ட நிலையிலும் வழுக்கிச் சென்று கட்டளையைக் கொண்டுசேர்க்கும். இருபது முதல் இருபத்தைந்து மீட்டர் நீளம் போதும். ஆனால் இரண்டும் அணுவளவும் பிசகாமல் சமநீளமாக இருக்கவேண்டும். ஒன்று இரண்டு விரற்கடை குறைந்தாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும்; புதியவரோ தம் கையையே குற்றஞ் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் நம் நாட்டு வாசகர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் மனிதரும் பறவைகளும் மடிந்த கொடுமையை முன்னிட்டு, 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், நைலான் முதலிய செயற்கை இழைகளாலான பட்ட நூல்களுக்குத் தடை விதித்தது. அந்த ஆணையின் வாசகம் விசாலமானது. கண்ணாடித்தூள் பூசாத நூல் என்று சமாதானம் சொல்லித் தப்பிவிட முடியாது. எனவே இங்கே இவ்விளையாட்டை விரும்புகிறவர் உள்ளூர்க் காவல் துறையினரை விசாரித்த பின்பே பணத்தை எடுப்பது விவேகம். பூச்சில்லாத நூலும் விறைத்து வேகமாக ஓடும்போது தோலை அறுக்கும் ஆதலால், ஜனக்கூட்டத்தின் நடுவே இதைப் பறக்கவிடுவதற்கு எந்த தேசத்திலும் நியாயமில்லை. மின்கம்பிகளின் அருகிலோ நினைத்துப் பார்க்கவே கூடாது. பட்டத்தின் சட்டத்திலுள்ள கார்பன் குச்சி மின்சாரத்தைக் கடத்தும்.

குச்சிகளைப் பற்றிச் சொன்னால் விஷயம் முடிந்தது. கார்பன் இலேசானது, விறைப்பானது, ஆனால் மோதினால் சிம்பு சிம்பாக உடையும். கண்ணாடியிழைக் குச்சி கனமானது, வளைந்து கொடுக்கும், மென்காற்றில் சற்றுச் சோம்பும். ஓயாமல் விழப்போகிற பட்டத்துக்குக் கண்ணாடியிழையே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். கார்பன்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர், அந்தப் பட்டத்துக்கு உரிய மாற்றுக் குச்சிகள் தனியே கிடைக்குமா என்று கேட்டு, இல்லையென்ற பதில் வந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் வேறு கடைக்குப் போகலாம்.