தாயத்துக்குக் காசு இருக்கிறது, மாணவனுக்கு இல்லையா?

 

கல்லூரி மாணவன் ஒருவன் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. விடுதிக் கட்டணம் பாக்கி, நான்கு பாடம் அரியர், வளைகுடாவில் வாப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஊருக்கு வருகிறான். ஜமாஅத்தில் அவனுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "ஈமான் பலவீனம்!" வீட்டில் கிடைப்பது? கையில் ஒரு தாயத்து, ஜின் பிடித்திருக்கிறது என்ற தீர்ப்பு, ஓதிப் பார்ப்பவருக்கு ஆயிரக்கணக்கில் காணிக்கை!

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஹாஜியாரைப் பார்த்து ஈமான் போய்விட்டது என்று எவராவது சொன்னதுண்டா? மூளையும் அல்லாஹ் படைத்த உறுப்புதானே! மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போனதைக் குர்ஆன் கூறுகிறது. அந்த நபிக்கும் ஈமான் குறைவு என்பீர்களா? அஸ்தஃபிருல்லாஹ்!

1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டத் தொடங்கிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நம் கதை என்ன? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் கருகி மாண்டார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்! அதற்குப் பிறகுமா தாயத்து?

தற்கொலை ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். ஹராம்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவனிடம் போய்ப் பேசியவர் யார்? இளைஞனே, உன் நண்பனிடம் நேராகவே கேள்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாதே. 14416 என்ற இலவச எண்ணை அழை. 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போ. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நம்மவர்களோ நாலே நாளில் நிறுத்திவிட்டு டாக்டர் சரியில்லை என்பார்கள்!

போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைப்பதும் வீண். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு. மாணவியர் நிலை இன்னும் மோசம். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காதாம்! மகளின் உயிரைவிடவா மாப்பிள்ளை பெரிது?

வணிகர்களே! ரமளானில் கடை வாசலில் வரிசை கட்டியவர்களுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு ஜகாத் முடிந்தது என்கிறீர்கள். கட்டணம் கட்ட வழியின்றிக் கடனில் மூழ்கிய ஏழை மாணவன் ஜகாத்துக்கு உரியவன் இல்லையா? அவன் வரிசையில் வந்து நிற்க மாட்டான். நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

நம் அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளையும் விட்டுவிடாதீர்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊர்க் கல்லூரித் தாளாளரைப் பத்துப் பேராகப் போய்ப் பாருங்கள். ஆலோசகர் யார், எந்த அறை, எந்தெந்த நாள், மாணவியருக்குப் பெண் ஆலோசகர் உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்!