பாயின்டரில் ஒன்று கூட்டினால்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் வண்டித் தொழிற்சாலைகள்தான்: நிசான் கார், பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு பைக். இன்றைய வண்டிகளில் என்ஜினையும் பிரேக்கையும் கவனிக்கும் குட்டிக் கணினிகளுக்குப் பெரும்பாலும் சி மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். அந்த வேலைக்கு இன்டர்வியூ போகும் பிள்ளைகளை மடக்கும் கேள்வி ஒன்று உண்டு. க்யூ என்ற பாயின்டரில் இருக்கும் முகவரி 1000. க்யூ + 1 எவ்வளவு?

1001 என்பார் சிலர். 1002 என்று அடித்துச் சொல்பவர் டர்போ சி-யில் படித்தவராக இருப்பார். நம் கல்லூரி லேப்களில் நெடுங்காலம் ஓடிய அந்த 16 பிட் கம்பைலரில் இன்ட் 2 பைட். 32 பிட் சிப்பில் வழக்கமாக 4. ஆகவே சரியான பதில் ஓர் எதிர்க்கேள்விதான்: க்யூ எந்த வகையைச் சுட்டுகிறது? கேரக்டர் என்றால் 1001. 4 பைட் இன்ட் என்றால் 1004. கூட்டுவது ஒரு பைட்டை அல்ல, ஓர் உறுப்பை. கழித்தலும் அப்படியே. ஒரே அர்ரேயில் 1012-ஐச் சுட்டும் இன்ட் பாயின்டரிலிருந்து 1000-ஐச் சுட்டுவதைக் கழித்தால் 12 வராது, 3 வரும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சி-க்கு முந்தைய பி மொழியில் வகைகளே கிடையாது. பாயின்டர் என்பது வெறும் வரிசை எண். சி பிறந்த பெல் லேப்ஸ் ஆய்வகத்துக்கு வந்த பிடிபி-11 கணினியோ ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி கொடுத்தது. பாயின்டரைத் தொடும்போதெல்லாம் நிரல் அந்த எண்ணைப் பெருக்கிப் பைட் முகவரியாக மாற்றியாக வேண்டும். சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி வகைகளைச் சேர்த்ததும் அந்தப் பெருக்கல் கம்பைலர் தலையில் விழுந்தது.

வண்டிக்குள் இந்தக் குட்டிக் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் (CAN) இணைப்பில், சாதாரண செய்தி ஒன்றில் அதிகபட்சம் 8 பைட் தரவு வரும். பைட் பாயின்டரால் படித்தால் க்யூ + 2 மூன்றாம் பைட்டில் நிற்கும். அங்கே தொடங்கும் வேகம் 16 பிட் எண்ணாயிற்றே என்று பாயின்டரின் வகையை மட்டும் மாற்றி, + 2-ஐ அப்படியே விட்டால் ஐந்தாம் பைட்டுக்குப் போய்விடும். கம்பைல் ஆகும், ஓடும், திரையில் ஏதோ ஓர் எண்ணும் வரும். அதுதான் ஆபத்து, நின்றுபோயிருந்தால் அன்றே கண்டுபிடித்திருக்கலாம். க்யூ + 4 என்றால் எட்டையும் தாண்டிய இடம். கடைசி உறுப்புக்கு அடுத்த அந்த ஓரிடம் வரை பாயின்டர் போகலாம், ஆனால் அங்கே படிக்கக் கூடாது. அதற்கும் அப்பால் நகர்த்தினாலே என்ன நடக்கும் என்பதற்கு சி உத்தரவாதம் தருவதில்லை.

வண்டித் துறைக்காக 1998-இல் வந்த மிஸ்ரா விதிகளின் 2012 பதிப்பு, பாயின்டரோடு கூட்டல் கழித்தல் குறி போடுவதையே தவிர்க்கச் சொல்கிறது. க்யூ + 2 என்பதற்குப் பதில் க்யூ[2] என்று எழுதினாலும் கம்பைலர் போடுவது அதே கணக்குதான். படிப்பவருக்கு மட்டும் எத்தனையாவது உறுப்பு என்பது பளிச்சென்று தெரியும். லேப்பிலும் முகவரியை அச்சிட்டுப் பார்ப்பதற்கு முன், கூட்டுவது பைட்டை அல்ல, உறுப்பை என்பதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.