குறட்டையும் கத்தியும்

குறட்டையை நல்லுறக்கத்தின் அறிகுறியென எண்ணிக் கும்பகர்ணன் பெயரால் நகையாடுதல் நம்மவர் வழக்கம். ஆயின், குறட்டை இடையறுந்து, மூச்சு நின்று, திணறலுடன் மீளுமாயின் அது நோயேயாம். பகற்றூக்கமும் உயர் இரத்த அழுத்தமும் அதனைத் தொடரக்கூடும்.

சிறுவர்க்கு ரொன்சில் சதைகளை அகற்றுதல் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை. வளர்ந்தோர்க்கு அவ்வாறன்று. அவருட் பலர்க்கு உடற்பருமனும் நாவடி பின்சரிதலுமே மூச்சுவழியை அடைக்கின்றன. அத்தகையோர்க்கு 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகஞ் செய்த காற்றழுத்தக் கருவியே பெருந்துணை.

எனினும், “பெரியவர்க்கு ரொன்சில் சிகிச்சை வீண்” என்று முற்றாக ஒதுக்குதலும் தவறு. பருத்த ரொன்சிலே வழியை மறிப்பின், கத்தி நற்பயன் தரும். 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றில், ஏறத்தாழ 200 நோயாளரிடம் மூச்சுத்தடை மணிக்குச் சராசரி 40இலிருந்து 14ஆகக் குறைந்தது. குறைந்ததேயன்றி, எல்லார்க்கும் முற்றாக நீங்கவில்லை.

ஆகவே, முதலில் உறக்கப் பரிசோதனை, பின்னர் தொண்டைப் பரிசோதனை, அதன்பின்னரே கத்தி. கொழும்புத் தேசிய வைத்தியசாலையும், நுகேகொடையில் 1984இல் திறக்கப்பெற்ற ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பழைய மாணவர்காள், இல்லத்தார் உம் குறட்டையைப் பற்றி முறையிடின் நகைத்து ஒதுக்காதீர். உறங்குபவர் அறியாததை அருகிருப்பவரே அறிவர்.