கல்லமேட்டுப் பல்லுக்கு என்ன பதில்?

‘ராப்டர் டைனோசர் ஹாலிவுட் சரக்கு, தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு அது எதற்கு?’ என்கிறார்கள். கொள்ளிடம் தாண்டி அரியலூர்ப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல், ராப்டர்களின் நெருங்கிய உறவான ட்ரூடான்டிட் வகையுடையது என்று தொல்லுயிரியலாளர்கள் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் 2013-இல் எழுதினார்கள். அதுவரை அந்த இனம் வடகண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. நிலவியல் கணக்கில் கல்லமேடும் தஞ்சையும் ஒரே காவிரிப் படுகைதான்.

‘ஒற்றைப் பல்லை வைத்துக் கதையா?’ ஒரு பல் முழு உருவத்தைச் சொல்லாதுதான். ஆனால் அதன் வளைவும் ரம்ப விளிம்பும் குடும்பத்தைக் காட்டும். மறுப்பவர்கள் அந்த அமைப்பை வைத்து மறுக்கட்டும். இந்தக் குடும்பத்துக்கு இறகு உண்டா என்றால், இறகுத் தடம் கல்லமேட்டில் இல்லை. சீனத்து உறவினங்களின் புதைபடிவங்களில் தெளிவாக இருக்கிறது.

ராப்டரைப் பெரிதாக, இறகில்லாமல் காட்டிப் பொய் சொன்னது சினிமாதான். அந்த ராப்டரான வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவே இருந்தது. அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய முடிச்சுகள் இருப்பது 2007-இல் தெரியவந்தது.

பறவைகளும் டைனோசர்களே என்கிறது இன்றைய அறிவியல். எலி பிடிக்கக் கூகை வந்து உட்காரட்டும் என்று வயலில் குச்சி நடும் விவசாயிக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. அவர் பிள்ளைக்கு மட்டும் ஏன் அதை மறைக்க வேண்டும்?